கத்தரிக்காய்க்கும் சீட் பெல்ட்

போன மாசம் நண்பரோட புதுக் காரில் திண்டிவனம் வரைக்கும் போயிட்டு வந்தேன். திரும்பும்போது வழியில கத்தரிக்காய் வாங்கி முன் சீட்டில் வச்சுட்டு நான் பின்னாடி போய் உட்கார்ந்துட்டேன். வண்டி கிளம்பினதும் ஆரம்பிச்சது பாருங்க, பீப்... பீப்... பீப். பையை மனுஷன்னு நினைச்சு பெல்ட் போடச் சொல்லுது! நண்பர் கடுப்பாயிட்டார். எனக்குச் சிரிப்பு. ஏன்னா இதே கூத்து அமெரிக்காவில் 1974லேயே நடந்து, ஒரு சட்டமே மாறியிருக்கு.

கதை 1971 ஏப்ரல் 27-ல் தொடங்குது. ஃபோர்டு கம்பெனியின் தலைவர் இரண்டாம் ஹென்றி ஃபோர்டும், லீ அயகோக்காவும் ஜனாதிபதி நிக்சனைப் பார்க்கப் போனாங்க. பாதுகாப்பு விதிகளால தொழிலே படுத்துடும்னு புலம்பல். முக்கியமா, அரசாங்கம் கட்டாயமாக்க நினைச்ச ஏர்பேக் மேல கோபம். மூடின அறையில் பேசினோம்னு நினைச்சாங்க. ஆனா அந்த வருஷம்தான் நிக்சன் தன் அறையில் ரகசிய டேப் ரெக்கார்டர் வச்சிருந்தார். அத்தனையும் பதிவாயிடுச்சு! (கார் நம்மைக் கேட்கிறதைப் பத்திப் பேசப்போற கதை இப்படித் தொடங்கினது தற்செயல்தான்.)

ஏர்பேக் தள்ளிப்போச்சு. அதுக்கு மாற்றா வந்ததுதான் 'இன்டர்லாக்'. 1974 மாடல் கார்களில் முன் சீட்டில் இருக்கிறவங்க பெல்ட் போட்டாத்தான் வண்டியே ஸ்டார்ட் ஆகும். அதுவும் வரிசை மாறக்கூடாது. முதல்ல உட்காரணும், அப்புறம் பெல்ட். பெல்ட்டை முன்னாடியே மாட்டி அது மேல உட்கார்ந்து ஏமாத்தப் பார்த்தா நகராது. மளிகைப் பை, நாய்க்குட்டி, எதுவானாலும் கனம் இருந்தா ஆள் கணக்குதான்.

ஜனங்க கொதிச்சுப் போயிட்டாங்க. மெக்கானிக்கைப் பிடிச்சு ஒயரைக் கழட்டினவங்க ஏராளம். பிரதிநிதிகள் சபையில் நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த லூயிஸ் வைமன் முன்னாடி நின்னு எதிர்த்தார். (அதே வருஷம் செனட் தேர்தலில் நின்னு, மறு எண்ணிக்கையெல்லாம் முடிஞ்சு 2 ஓட்டு வித்தியாசத்தில் முன்னிலை. விவகாரம் முத்திப் போய் 1975-ல் மறு தேர்தல் வச்சாங்க, அதுல தோத்துட்டார், பாவம்.) 1974 அக்டோபர் 27-ல் ஜனாதிபதி ஃபோர்டு, இவர் வேற ஃபோர்டுங்க, கையெழுத்துப் போட்டார். இனி இன்டர்லாக்கைக் கட்டாயமாக்கக் கூடாது. எச்சரிக்கைச் சத்தம்கூட 8 செகண்டுக்கு மேல கத்தணும்னு அரசு சொல்லக்கூடாது.

இதுல எனக்கு முழு சந்தோஷம் இல்லை. பெல்ட் உயிரைக் காக்கிற சமாச்சாரம். அதைப் போடச் சொல்லி முதல் மாநிலமா நியூயார்க் சட்டம் போட 1984 ஆயிடுச்சு. நடுவுல பத்து வருஷம், எத்தனை பேர் போனாங்களோ.

ஆனா அன்னைக்கு அந்தக் கருவி கத்துச்சு. வண்டியை நிறுத்துச்சு. எரிச்சல் வந்தது, சண்டை போட்டாங்க. அப்புறம் வந்ததெல்லாம் சத்தமே போடாத ரகம்.

ஏர்பேக்கோட சேர்ந்து காருக்குள்ள ஒரு கறுப்புப் பெட்டியும் நுழைஞ்சது. 2006-ல் அமெரிக்க அரசு அதுக்கு விதி எழுதினப்போ பெட்டி கட்டாயம்னு சொல்லலை. இருந்தா என்னென்ன பதியணும்னுதான் சொல்லுச்சு. மோதலுக்கு முந்தின 5 செகண்டில் வேகம், பிரேக், அப்புறம்... டிரைவர் பெல்ட் போட்டிருந்தாரா! 1974-ல் சண்டை போட்டுத் துரத்தின அதே பெல்ட், சாட்சிக் கூண்டில் ஏறி நிக்குது. அந்தத் தகவல் வண்டிக்காரருக்குத்தான் சொந்தம்னு சட்டம் வந்தது 2015-ல்.

இன்னொண்ணு. காருக்குள்ள இருந்த உதவிச் சேவையின் மைக் வழியா எஃப்.பி.ஐ. ஒருத்தர் பேச்சை ஒட்டுக்கேட்ட வழக்கு. 2003-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதுக்குத் தடை போட்டுச்சு. தனிமனித உரிமைக்காகன்னு நினைச்சீங்களா? அதான் இல்லை! ஒட்டுக்கேட்கும்போது அந்த உதவிச் சேவை வேலை செய்யாமப் போயிடுதாம், அதனால கூடாதாம். சேவையும் கெடாம ஒட்டுக்கேட்க முடிஞ்சிருந்தா? நினைச்சாலே பகீர்ங்குது.

2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் போட்டு உடைச்சது இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுடுச்சு. ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஆன்ஸ்டார் சேவை வழியா, ஜனங்க எப்போ சடன் பிரேக் போட்டாங்க, எவ்வளவு வேகம் போனாங்கன்னு சேர்த்துத் தரகு நிறுவனங்களுக்குக் கொடுத்திருக்கு. அங்கிருந்து இன்சூரன்ஸ்காரங்க கைக்கு. பிரீமியம் ஏன் ஏறுச்சுன்னு தெரியாம முழிச்சவங்க, தங்களைப் பத்தின அறிக்கையை வாங்கிப் பார்த்தப்புறம்தான் விஷயமே புரிஞ்சது. 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தப்போ, வண்டி இருக்கிற இடத்தை 3 செகண்டுக்கு ஒரு தடவைகூட எடுத்திருக்காங்கன்னு சொல்லுச்சு. தண்டனை? அந்த மாதிரி ஏஜென்சிகளுக்கு 5 வருஷம் கொடுக்கக் கூடாது. அவ்ளோதான்.

இதையெல்லாம் நண்பர்கிட்ட சொல்லிக்கிட்டே, உங்க வண்டியோட கையேட்டை எடுங்க, இது எதைப் பதியுதுன்னு பார்ப்போம்னேன். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காம டேஷ்போர்டுக்குள்ள கிடந்தது. "அதெல்லாம் யார் சார் படிப்பா? முதல்ல இந்தச் சத்தத்தை நிறுத்துங்க"ன்னார்.

ஓரமா நிறுத்தி, கத்தரிக்காய்ப் பைக்கு பெல்ட் போட்டுவிட்டோம்.