வீட்டிற்குள் வந்த தேகப்பயிற்சிச் சாலை



அம்பத்தூரில் என் இல்லத்திற்கு அடுத்த தெருவில் ஓர் இளைஞர் வாழ்கிறார். என்னிடம் படித்தவர்; இப்போது தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தில் பணிபுரிகிறார். சில மாதங்களுக்கு முன் தம் மாடியறையில் ஓர் உடற்பயிற்சி இயந்திரத்தை வாங்கி நிறுத்தினார். இரும்புச் சட்டம், கப்பிகள், கம்பிக் கயிறு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எடைத் தட்டுகள், வேண்டிய எடையைத் தேர்ந்துகொள்ளச் செருகும் ஒரு முளை ஆகியவை அதன் உறுப்புகள். நான் பார்க்கச் சென்ற அன்று, அதன் கைப்பிடியில் ஈரத் துண்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. "முதல் வாரமே முதுகு பிடித்துக்கொண்டது, சார். விட்டுவிட்டேன்" என்றார்.

அந்த இயந்திரத்தின் வமிசாவளி நீண்டது. அதில் நம் நாட்டிற்கும் பங்குண்டு. அதனை அறிந்திருந்தால் அவர் முதுகு பிழைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

தென்மாவட்டச் சிற்றூர்களில் இளவட்டக்கல் என்றொரு உருண்டைக் கல் கிடக்கும். அதனைத் தூக்கித் தோளின்மேல் ஏற்றிப் பின்புறம் எறிபவனே ஆண்மகன் என மதிக்கப்பட்டான். ஆனால் அக்கல்லிற்கு ஒரு குறை உண்டு. அதன் எடையைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. அது பலத்தைச் சோதிக்கும். வளர்ப்பதற்கு ஏற்ற கருவியன்று. கர்லாக்கட்டையோ அவ்வாறன்று. இலேசான கட்டையில் தொடங்கி, கை பழகப்பழகக் கனமானதற்கு மாறலாம். எப்போது மாறுவது என்பதைச் சொல்ல வாத்தியார் அருகில் நிற்பார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலப் படையினர் இக்கர்லாவை இங்கே கண்டு வியந்து, தம் நாட்டிற்குக் கொண்டுசென்றனர். அங்கும் அமெரிக்காவிலும் அது பரவியது. 1904இல் செயின்ட் லூயி நகரிலும் 1932இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலும் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களில் கர்லா சுற்றுதல் ஒரு போட்டியாகவே இருந்தது. பின்னர் அதே கட்டை 'இந்தியன் கிளப்' என்ற ஆங்கிலப் பெயருடன் நம் பள்ளிகளின் டிரில் வகுப்பிற்குத் திரும்பி வந்தது. இந்த வேடிக்கையைப் பலர் கவனித்ததாகத் தெரியவில்லை.

இனி யூஜின் சாண்டோவிடம் வருவோம். அவர் 1867இல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தவர். 1889இல் இலண்டன் அரங்கில் பெரும் பலசாலியெனப் பெயர் பெற்றார். பலத்தைக் காட்டிப் பொருள் ஈட்டியவர்கள் அவருக்கு முன்பும் பலர் இருந்தனர். சாண்டோவோ பலத்தை வளர்க்கும் கருவிகளையும் விற்றார். அவற்றுள் ஒன்று, இரு பாதிகளாகப் பிளந்து நடுவே எஃகுச் சுருள்கள் பொருத்திய டம்பெல். பிடியை இறுக்கினாலன்றி அப்பாதிகள் ஒன்றுசேரா. மற்றொன்று, கதவிலோ சுவரிலோ மாட்டி இழுக்கும் ரப்பர் வடம். இது அவர் கண்டுபிடித்ததன்று. மேல்நாட்டு இல்லங்களில் முன்பே இருந்தது. ஆனால் அதனை நடுத்தரக் குடும்பங்களின் பொருளாக்கியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. தேகப்பயிற்சிச் சாலை வீட்டிற்குள் நுழைந்தது இவ்வாறுதான்.

1904-05இல் சாண்டோ இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். அந்தக் காலத்தை நாம் மறத்தலாகாது. இந்தியர் உடல்வலி அற்றவர், ஆளப்படவே பிறந்தவர் என்று ஆட்சியாளருட் பலர் எழுதியும் பேசியும் வந்தனர். 1897இல் சென்னையில் பேசிய சுவாமி விவேகானந்தர், இளைஞர்கள் முதலில் உடலை வலிமையாக்கிக்கொள்ள வேண்டும், சமய நூலறிவு பின்னரே வரட்டும் என்ற கருத்தைத் துணிந்து கூறினார். அந்நிலையில் வந்த சாண்டோவின் பெயர் இங்கே வேரூன்றியதில் வியப்பில்லை. நாம் முண்டா பனியன் என்பதை வங்காளத்தார் இன்றும் சாண்டோ என்கின்றனர். 1956இல் 'தாய்க்குப்பின் தாரம்' படத்தை வெளியிட்ட சின்னப்பா தேவர், உடற்பயிற்சியால் பெற்ற 'சாண்டோ' என்னும் அடைமொழியைத் தம் பெயருடன் இறுதிவரை வைத்திருந்தார்.

பெயரைக் காட்டிலும் பெரிய பயன் வேறிடத்தில் விளைந்தது. பெங்களூரில் ஹெர்குலிஸ் என்ற பயிற்சிக்கூடம் நடத்திய கே.வி. ஐயர், பளுப் பயிற்சியுடன் ஆசனத்தையும் சூரிய நமஸ்காரத்தையும் இணைத்தார். தொலைவில் உள்ளோர்க்கு அஞ்சல்வழியே பாடம் நடத்தினார். சென்னையில் 1920இல் ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியோ, ஆசிரியர்களையே உருவாக்கிற்று. கருவிக்குப் பின்னால் கற்பிப்பவர் ஒருவர் வேண்டும் என்பதை இவ்விருவரும் உணர்ந்திருந்தனர்.

எஃகுச் சுருளுக்கும் இரும்பு எடைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. 1678இல் இராபர்ட் ஹூக் வெளியிட்ட விதிப்படி, சுருளை எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு எதிர்ப்பு மிகும். எடைத் தட்டோ, ஒரே அளவாகக் கனக்கும். இடையில் இயங்கு கப்பி ஒன்று இருந்தால், 40 கிலோ தட்டு கைக்கு 20 கிலோவாகவே தோன்றும். ஆனால் இருமடங்கு நீளக் கயிற்றை இழுத்தாக வேண்டும். ஆகவே தட்டில் எழுதிய எண்ணைச் சொல்லிப் பெருமை கொள்வதற்கு முன், கப்பிகளைச் சற்று நோக்குவது நல்லது.

எவ்வளவு எடை, எத்தனை முறை என்ற வினாவிற்கு மருத்துவ உலகில் தெளிவான விடை தந்தவர் தாமஸ் டிலோர்ம். இரண்டாம் உலகப் போரில் அடிபட்ட வீரர்களின் தொடைத் தசையை மீட்க, சிகாகோ நகரப் படை மருத்துவமனையில் இரும்புக் காலணியில் எடை பூட்டிப் பயிற்சி அளித்தார். 1945இல் தம் முறையை வெளியிட்டார். ஒருவர் சரியாகப் பத்து முறை தூக்கக்கூடிய எடையை முதலில் காண்க. பின்னர் அவர் திருத்தியமைத்த முறைப்படி, அதில் பாதியைப் பத்து முறையும், முக்காலைப் பத்து முறையும், முழுமையைப் பத்து முறையும் தூக்குக. பலம் வளர்ந்தபின் மீண்டும் அளந்து, எடையைக் கூட்டுக. நம் கர்லா வாத்தியார் கண்ணால் செய்த கணக்கை இவர் காகிதத்தில் எழுதினார் எனலாம்.

1953இல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகர ஆய்வாளர் ஹெட்டிங்கரும் முல்லரும், நாளொன்றுக்கு ஆறு விநாடி தசையை இறுக்கினாலே போதும் என்று அறிவித்தனர். பின்வந்த ஆய்வுகள் அந்த அளவு வளர்ச்சியைக் காணவில்லை. ஆயினும் சில விநாடிகளில் பலம் என்னும் ஆசை நிலைத்துவிட்டது. 1960களில் ஜெர்மனியில் தோன்றிய புல்வொர்க்கர் என்ற குழாய்க்கருவியின் விளம்பரம், எங்கள் இளமையில் இந்தியப் பத்திரிகைகளில் இடம்பெற்றது. ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் நாங்கள் அறைத்தோழர் மூவர் பணம் சேர்த்து, பழைய ஸ்பிரிங் கருவி ஒன்றை வாங்கினோம். முதல் நாளே யார் அதிகம் இழுப்பது என்று போட்டி. மூன்றாம் நாள் மூவராலும் கரும்பலகையில் எழுதக் கை தூக்க முடியவில்லை. இரண்டாம் மாதம் கருவி கட்டிலுக்கடியில் சென்றது. குற்றம் கருவியினுடையதன்று.

அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தோன்றியது, 1960களில் தொழிற்பேட்டை எழுந்தது, ஆவடியில் 1965இல் முதல் விஜயந்தா டாங்கி உருண்டு வந்தது. ஏரும் ஏற்றமும் இருந்த மண்ணில் இயந்திரத்தின் முன் எட்டு மணி நேரம் நிற்கும் வாழ்க்கை வந்தது. நின்று களைத்தவர்க்குத் தசை வளர்வதில்லை, முதுகுதான் வலிக்கும். ஆதலின் வீட்டுப் பயிற்சிக்கருவியை நான் எள்ளி நகையாடமாட்டேன். இதே இருப்புப்பாதையில் மேற்கே சென்றால் காட்பாடி, அடுத்து வேலூர். 2014இலும் 2018இலும் காமன்வெல்த் பளுதூக்குதலில் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கம் வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்தவர். அவரும் சிறு எடையில்தான் தொடங்கியிருப்பார்.

மருத்துவர் இசைந்தபின் என் மாணவரின் மாடிக்கு மறுபடியும் சென்றேன். முளை பத்தாம் தட்டில் செருகியபடியே இருந்தது. "இதை யார் சொன்னார்கள்?" என்று கேட்டேன். "படத்தில் இருப்பவர் அப்படித்தான் இழுக்கிறார், சார்" என்றார். முளையை எடுத்து இரண்டாம் தட்டில் செருகினோம். பத்து முறை இழுத்தார், வெட்கத்துடன் சிரித்தார். ஒரு பழைய கணக்கு நோட்டில் தேதியையும், 2 என்றும் 10 என்றும் எழுதச் சொன்னேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது அந்நோட்டில் நான்காம் தட்டு ஏறியிருந்தது. துண்டு, வெளியே கொடியில் தொங்கியது.