வேட்பாளர் இல்லாத தேர்தலுக்கு ஒரு சொல்

ஒரு போப் நோயுற்றார் என்ற செய்தி வந்ததுமே இத்தாலியப் பத்திரிகைகளில் ஒரு சொல் தலைகாட்டும்: பப்பாபிலே. பன்மையில் பப்பாபிலி. அடுத்த திருத்தந்தை ஆகக்கூடும் என்று ஊரார் பேசும் கர்தினால்களுக்கு அந்தப் பெயர். திருச்சபைச் சட்டத்தில் இதற்கு இடமில்லை. கடைத்தெருவும் செய்தியாளரும் வளர்த்த சொல் இது.

சொல்லைப் பிரித்தால் 'பாப்பா', 'அபிலே' என்று இரு கூறுகள். முன்னது, கிரேக்கக் குழந்தைகள் தந்தையை அழைத்த 'பாப்பாஸ்' என்ற சொல்லிலிருந்து லத்தீன் வழியாக வந்தது. தமிழில் பாப்பரசர், பாப்பிறை என்று நாம் சொல்வதிலும் இருப்பது அதுவே. பின்னது பெரும்பாலும் வினையோடு சேர்ந்து செயப்பாட்டுப் பொருள் தரும் ஒட்டு. 'அமாரே' என்றால் நேசித்தல். 'அமாபிலே' என்றால் நேசிக்கப்படத் தக்கவர். பப்பாபிலேயில் அது பெயர்ச்சொல்லோடு ஒட்டிக்கொண்டது. போப்பாக ஆக்கப்படத் தக்கவர் என்று பொருள். ஆவது அவர் கையில் இல்லை, ஆக்குவோர் வேறு.

இதற்கு 'வேட்பாளர்' என்ற நம் சொல் பொருந்தாது. வேட்பு என்றால் விருப்பம். பதவியை விரும்பி முன்வருபவரே வேட்பாளர். போப் தேர்தலில் மனுத்தாக்கல் கிடையாது, பரப்புரை கிடையாது. வாக்குக்காகக் கர்தினால்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டால் திருச்சபை விலக்குத் தண்டனை உண்டு என்கிறது இரண்டாம் ஜான் பால் 1996இல் வெளியிட்ட சட்டம். திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்க ஆண் எவரையும் தேர்ந்தெடுக்கலாம் என்பது விதி. ஆனால் 1378இல் ஆறாம் உர்பானுக்குப் பிறகு கர்தினால் அல்லாத ஒருவர் தேர்வானதே இல்லை. சட்டம் எல்லாருக்கும் திறந்து வைத்த வாசலில் உண்மையில் யார் நுழைவார் என்று சொல்ல ஒரு சொல் தேவைப்பட்டது.

ஊகத்துக்குத் தீனி போட்டது பூட்டு. போப்பைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தைக் குறிக்கும் 'கான்கிளேவ்' என்பதன் லத்தீன் மூலத்துக்கு 'சாவியோடு' என்று பொருள். சாவி போட்டுப் பூட்டிய அறை. 1268இல் நான்காம் கிளமென்ட் விட்டெர்போ நகரில் இறந்தபின், கர்தினால்கள் மூன்றாண்டு நெருங்கும் வரை முடிவெடுக்கவில்லை. இடையிலேயே பொறுமையிழந்த நகரத்தார் அவர்களை உள்ளே வைத்துப் பூட்டினர், உணவைக் குறைத்தனர், கூரையையும் பிரித்தனர். 1271இல் தேர்வான பத்தாம் கிரிகோரி, 1274இல் லியோன் சங்கத்தில் இந்தப் பூட்டையே சட்டமாக்கினார். கதவு மூடியதும் வெளியே ஊகம் தொடங்கியது. ஊகத்தின் பின்னால் காசும் வந்தது. 1503இலேயே உரோமையில் போப் தேர்தலுக்குப் பந்தயம் கட்டினார்கள். 1591இல் பதினான்காம் கிரிகோரி அதைத் தடை செய்தார். ஆனாலும் பழக்கம் ஓயவில்லை. கால்பந்துப் பந்தயச் சீட்டான 'தோத்தோகால்ச்சோ'வைப் பின்பற்றி, இந்த ஊக விளையாட்டுக்கு இத்தாலியர் இன்று 'தோத்தோபாப்பா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

போப்பாக உள்ளே போகிறவர் கர்தினாலாக வெளியே வருவார் என்பது உரோமைப் பழமொழி. இதில் மாயமில்லை, கணக்குதான். 1179 முதல் வெற்றிக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டோர் அசையாமல் நின்றால் யாரையும் தடுத்துவிடலாம். பெயர் பெற்றவருக்கு ஆதரவாளர் எவ்வளவோ அவ்வளவு எதிர்ப்பாளரும் இருப்பர். 1978 அக்டோபரில் ஜெனோவாவின் சீரி, புளோரன்சின் பெனெல்லி இருவரும் பெரிதாகப் பேசப்பட்டனர். இருவருமே எட்டாத எண்ணிக்கையைப் போலந்தின் வொய்த்திவா எட்டி, இரண்டாம் ஜான் பால் ஆனார். 455 ஆண்டுகளுக்குப் பின் இத்தாலியர் அல்லாத முதல் போப். 2013இல் இத்தாலிய ஆயர் பேரவை மிலானின் ஸ்கோலாவை வாழ்த்தி மின்னஞ்சலே அனுப்பிவிட்டது, வென்றவரோ போப் பிரான்சிஸ் ஆன பெர்கோலியோ.

பழமொழி பொய்த்ததும் உண்டு. 1939இல் பச்செல்லி, 1963இல் மொந்தீனி, 2005இல் ராட்சிங்கர் மூவரும் பட்டியலின் உச்சியில் இருந்தபடியே உள்ளே சென்று போப்பாக வந்தார்கள். முதல் நாளிலேயே எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே சுருங்கிவிட்டால் புகழ் பாரமாவதில்லை. பச்செல்லிக்கு மூன்று சுற்றே போதுமானது.

2025 மே மாதம் 133 கர்தினால்கள் கூடியபோது பரோலின், தாக்லே பெயர்களே முன்னால் ஓடின. நான்காம் சுற்றில் தேர்வானவர் அமெரிக்கரான ராபர்ட் பிரிவோஸ்ட், பதினான்காம் லியோ. பெரூ நாட்டில் நெடுங்காலம் மறைப்பணி செய்தவர். ஆயர் நியமனங்களைக் கவனிக்கும் வத்திக்கான் துறையை 2023 முதல் நடத்தியவர். வல்லரசு நாட்டுக்காரரைப் போப்பாக்க மாட்டார்கள் என்று சொல்லிப் பலர் அவரைப் பின்வரிசையில் தள்ளியிருந்தனர். அந்த விதி பட்டியல் எழுதியவர்கள் வகுத்தது. வாக்களித்தவர்கள் அதற்கு ஒப்புக்கொண்டதே இல்லை.