முழுக்கோழியின் கதை: சுவோன் சந்தைக் குறிப்புகள்

கொரியாவில் போய் 'சிக்கன்' என்று கேட்டால் கோழி கிடைக்காது, பொரித்த கோழிதான் கிடைக்கும். கூண்டில் இருக்கிற கோழிக்கும் அதன் கறிக்கும் அவர்களுடைய சொந்தச் சொல் 'தாக்'. ஆங்கிலச் சொல்லை எண்ணெயில் பொரித்ததற்கு மட்டும் ஒதுக்கிவிட்டார்கள். பழைய சந்தைக் கடைகளின் பலகையில் மட்டும் இன்னொரு சொல் இருக்கும்: 'தோங்தாக்'. 'தோங்' என்றால் முழுசு. முழுக்கோழி. அதுவும் பொரித்த கோழிதான். அப்புறம் எதற்கு இரண்டு பெயர்? பழைய பெயர், புதுப் பெயர் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் இவை இரண்டு தனித்தனித் தொழில்கள் என்பது என் எண்ணம். ஒன்றைத் தொடங்கியவர் கோழி வியாபாரி. மற்றதைத் தொடங்கியது கம்பெனி.

பழைய கொரிய வீட்டில் கோழி என்றால் வேகவைத்ததுதான். மாப்பிள்ளை வந்தால் மாமியார் முட்டையிடும் கோழியையே அடித்துப் போடுவார், நம்மூர் மாதிரியேதான். ஒரு கோழி, நிறைய தண்ணீர், வீடே சாப்பிடும். பொரிக்கிற அளவுக்கு எண்ணெய்க்கு எங்கே போவது? எள்ளெண்ணெய் எல்லாம் சொட்டுக் கணக்கு. 1960-இல் சியோலின் மியொங்தொங் பகுதியில், முழுக்கோழியை மின் அடுப்பில் சுழலவிட்டு வாட்டி விற்கும் கடை ஒன்று வந்தது. அதற்கு எண்ணெய் வேண்டாம். ஆனால் வசதி இருக்கிறவர்களுக்கான பண்டம். 1971-இல் 'ஹெப்யோ' என்ற பெயரில் ஆலையில் தயாரான சோயா எண்ணெய் விற்பனைக்கு வந்தது. அந்தப் பத்தாண்டில்தான் கறிக்கென்றே வளர்க்கும் பிராய்லர் கோழிகளும் பெருகின. கோழியும் எண்ணெயும் சேர்ந்தாற்போல் மலிந்தபோது சந்தைக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

சுவோன் நகரம் சியோலுக்குத் தெற்கே இருக்கிறது. 1794 முதல் 1796 வரை அரசர் ஜொங்ஜோ கட்டிய ஹ்வாசொங் கோட்டை ஊரைச் சுற்றி நிற்கிறது. அதன் தெற்கு வாசலான பால்தல்முன்னைச் சுற்றிச் சந்தைகள். வாசலுக்குப் பக்கத்தில் ஓடைக்கரையோரமாக ஒரு தெருவே முழுக்கோழிக் கடைகளால் ஆனது. அந்தக் காலச் சந்தைக் கோழிக் கடை எப்படி இருந்திருக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாசலில் கூண்டு. கைகாட்டினால் பிடித்து அறுத்து, வெந்நீரில் முக்கி, இறகு பிடுங்கித் தருவார்கள். அதே கடையில் ஒரு பெரிய வார்ப்பிரும்புக் கொப்பரையை ஏற்றிவிட்டால் அப்படியே பொரித்தும் தந்துவிடலாம். வீட்டில் அவ்வளவு எண்ணெய் ஊற்ற யாராலும் முடியாது. அப்பா சம்பள நாளன்று எண்ணெய் கசிகிற காகிதப் பையோடு வீட்டுக்கு வந்தது, அந்தத் தலைமுறைக் கொரியர்கள் எல்லோரும் சொல்லும் கதை.

ஏன் முழுசாகப் பொரித்தார்கள்? வியாபாரி விற்றது ஒரு கோழி, அதனால்தான். துண்டு போட்டால் அது சமையல், முழுசாக இருந்தால் அது சரக்கு. வாங்குகிறவருக்கும் கால் இரண்டு, இறக்கை இரண்டு என்று கண்ணால் எண்ணிக்கொள்ளலாம், ஏமாற்ற முடியாது. மாவும் மெல்லிய பூச்சுதான். தொட்டுக்கொள்ள மிளகு கலந்த உப்பு.

நான் படித்த காலத்தில் வாரம் தவறாமல் போன கடை ஒன்று அங்கே இருக்கிறது. பதினோரு வருடம் கழித்து இந்தத் தடவை போனேன். கொப்பரை அதே இடத்தில். கடைக்கார அம்மாவை 'இமோ' என்று கூப்பிடுவோம், அம்மாவின் கூடப்பிறந்தவள் என்று அர்த்தம். சாப்பாட்டுக் கடைப் பெண்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவது. என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியாது, "மெலிஞ்சிட்டியே"ன்னு மட்டும் சொன்னாங்க. (இதை எல்லோரிடமும் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். நான் மெலியவில்லை.)

கோழி வருவதற்கு முன்பே ஒரு தட்டில் பொரித்த கோழிக் கால்விரல்களும், ஈரலோடு நம்மூரில் சேர்த்துப் போடுவார்களே, கோழி தானியம் அரைக்கிற அந்தக் கெட்டியான உறுப்பும் வந்தன. இதற்குக் காசு கிடையாது. கொரியப் பேச்சில் அதன் பெயர் 'தாக்-தொங்-ஜிப்'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் கோழிப்பீ வீடு! தேகு நகரத்தின் ப்யொங்ஹ்வா சந்தையில் இதற்கென்றே ஒரு சந்து இருக்கிறது.

இந்த இலவசத் தட்டைத்தான் நான் ஆவணமாக எடுத்துக்கொள்கிறேன். கோழியை அங்கேயே அறுத்த கடையில் இவை தானாக மிஞ்சும், தூக்கி எறிவதற்குப் பதில் பொரித்துத் தந்திருப்பார்கள். இப்போது கோழி அறுவை ஆலையிலிருந்து சுத்தமாகி வருகிறது. அப்போ இது எங்கிருந்து வருது? கேட்டேன். "தனியாத்தான் வாங்குறேன், பெட்டி பெட்டியா. குடுக்கலைன்னா கோவிச்சுக்கிறாங்க"ன்னாங்க. கூண்டு போய்விட்டது, கூண்டு இருந்த காலத்துப் பழக்கத்தைக் காசு கொடுத்துக் காப்பாற்றுகிறார்கள்.

இனி மற்றத் தொழில். 1977-இல் சியோலின் ஷின்செகே பல்பொருள் அங்காடியில் தொடங்கிய லிம்ஸ் சிக்கன் கோழியைத் துண்டு போட்டுப் பொரித்தது. கிளை உரிமை கொடுத்துப் பெருகிய முதல் கொரியக் கோழிக் கடை என்று அதைச் சொல்வார்கள். 1984-இல் கேஎப்சி வந்தது. இன்று உலகமே கொரியன் சிக்கன் என்று சொல்கிற சிவப்பு மசாலா பூசிய 'யாங்ன்யொம்' கோழி தேகு நகரத்துச் சின்னக் கடைகளில் பிறந்தது. ஆறினால் கோழி விறைத்துப்போகிறது என்ற குறைக்கு மருந்தாகத்தான் அதைச் செய்ததாக, அதைக் கண்டுபிடித்தவராக அறியப்படும் யூன் ஜொங்-க்யே சொல்லியிருக்கிறார்.

1997 நிதி நெருக்கடியில் வேலை போனவர்கள் கையில் கிடைத்த ஓய்வுத் தொகையைக் கிளைக் கடைகளில்தான் போட்டார்கள். பெரிய சமையல் ஞானம் தேவையில்லை. மாவு, மசாலா, கோழி எல்லாம் கம்பெனியே அனுப்பும். என்ன படித்தாலும் கடைசியில் சிக்கன் கடைதான் என்பது கொரிய மாணவர்களின் பழைய ஜோக். ஜோக்குக்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. கேபி நிதிக் குழுமத்தின் 2019 அறிக்கைப்படி நாட்டில் சுமார் 87,000 சிக்கன் கடைகள். உலகம் முழுக்க உள்ள மெக்டொனால்ட்ஸ் கடைகளைவிட அதிகம். 2018-இல் மட்டும் திறந்தவை 6,200, மூடியவை 8,400. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு வீட்டின் சேமிப்பு என்று யோசித்துப் பாருங்கள். 2010 டிசம்பரில் லொத்தே மார்ட் 5,000 வொனுக்குக் கோழி விற்கப்போக, இந்தச் சின்ன முதலாளிகள் எழுப்பிய கூச்சலில் ஒரு வாரத்திலேயே நிறுத்திவிட்டது.

சந்தைக் கடைக்காரர் இந்தக் கணக்கில் கொஞ்சம் தள்ளி நிற்கிறார். அவர் பெயர்ப்பலகைக்கு யாருக்கும் பங்கு தர வேண்டியதில்லை. மசாலாவை ஒரே கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும் என்ற ஒப்பந்தமும் இல்லை. ஆனால் அடுத்து கொப்பரைக்கு முன் நிற்கப்போவது யார் என்ற கேள்வி அவருக்கு உண்டு. இமோவின் மகன் கம்பெனி வேலைக்காரர்.

கூட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. அதற்கு ஒரு காரணம் சினிமா. 2019-இல் வந்த 'எக்ஸ்ட்ரீம் ஜாப்' படத்தில், போதைக் கும்பலை வேவு பார்க்கப் போலீஸ்காரர்கள் ஒரு சிக்கன் கடையை வாங்கி நடத்துவார்கள். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும், கேஸ் நின்றுவிடும். அந்தக் கடையின் பண்டத்துக்கு 'சுவோன்' என்ற பெயரோடு மாட்டு விலா வறுவலின் மசாலா, ஏனென்றால் சுவோனின் பழைய புகழ் கோழியால் வந்ததில்லை, விலா இறைச்சியால் வந்தது. 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேல் பார்த்தார்கள். படம் ஓடியபின் ஓடைக்கரைத் தெருவில் அந்தப் பண்டத்தைத் தேடி வரிசை நின்றது. இமோவின் விலைப்பலகையிலும் கடைசி வரியாக அது இருக்கிறது. அதை யாராவது கேட்டால், "முழுக்கோழி சாப்பிட்டியா முதல்ல?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் எழுதிக்கொள்கிறார்.