திருகோணமலை என்னும் பாய்க்கப்பல்

ஈழத்தின் கீழ்கரையிலுள்ள திருகோணமலை நம்மவர் யாவரும் அறிந்த திருத்தலம். அப்பெயர் பூண்ட பாய்க்கப்பல் ஒன்று இங்கிலாந்து தேசத்து ஹார்ட்டில்பூல் துறையில் இன்றும் நீர்மேல் மிதந்து நிற்கின்றது என்பதனை அறிந்தோர் நம்மிற் சிலரே. இன்றும் மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களுள் அதுவே மிகப் பழமையானது. மரத்தாலாகிய கலம் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அழியாதிருந்தது எங்ஙனம் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

இக்கப்பல் பிறந்த இடம் பம்பாய். சூரத்திலிருந்து 1736-ஆம் ஆண்டில் அங்கு வந்த லௌஜி நசர்வான்ஜி என்னும் பார்சியின் வழியினராகிய வாடியாக்கள் தலைமுறை தலைமுறையாகக் கப்பற்றச்சின் தலைமை பூண்டிருந்தனர். அவ்வழித் தோன்றிய ஜாம்ஷெட்ஜி பொமான்ஜி மலையாளத்துத் தேக்குக்கொண்டு இதனைக் கட்டி, 1817-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 12-ஆம் தேதி நீரில் இறக்கினார். இதற்கென இங்கிலாந்திலிருந்து முதலில் அனுப்பிய வரைபடம், அதனை ஏற்றிவந்த ஜாவா என்னும் கப்பல் 1812-இல் அமெரிக்கரிடம் சிக்கியபோது போயிற்று. வேறொரு படி வந்த பின்னரே வேலை தொடங்கிற்று.

தேக்கின் பெருமை யாதெனின், இங்கிலாந்தார் கையாண்ட ஓக் மரத்தின் துவர்ப்பு இரும்பாணியை அரிக்கும். தேக்கின் எண்ணெய்ப் பசையோ அதனைக் காக்கும். ஆணி போயின் பலகை போம். பலகை போயின் கலமே போம்.

ஆயினும் தேக்கு மட்டும் போதாது. கடலிலுள்ள மரப்புழுவைத் தடுக்க 1761-இல் அலாரம் என்னும் கப்பலின் அடியில் செப்புத்தகடு பொதிந்து பார்த்தனர். புழு அணுகவில்லை, ஆனால் உப்புநீரில் செம்பும் இரும்பும் கூடிய இடத்தில் இரும்பு கரைந்தொழிந்தது. மருந்தே நோயானாற் போன்ற இச்சங்கடம், நீர்மட்டத்தின் கீழ் இரும்பை விடுத்துச் செப்புக்கலவை ஆணிகளை அறையத் தொடங்கிய பின்னரே தீர்ந்தது. இஃதன்றிப் பலகைச் சந்துகளில் பழங்கயிற்று நாரைச் செலுத்திக் கீல் உருக்கி வார்க்கும் கலப்பற்று வேலையும் அவ்வப்போது புதுப்பிக்கவேண்டுவதே. பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகளுக்குத் தார் பூசாவிடின், வெளியே நன்றாய்த் தோன்றுங் கயிறு உள்ளே மக்கிவிடும். நம் கடற்கரைத் தோணிக்காரருக்கு இவை புதியனவல்ல.

நிற்க. 1819-இல் இக்கப்பல் போர்ட்ஸ்மத் சேர்ந்தபோது நெப்போலியனோடு நிகழ்ந்த போர்கள் முடிந்து சில ஆண்டுகளாயின. ஆதலின் கயிறும் பாயும் களைந்து, மேலே கூரையிட்டு, இருபத்தைந்து ஆண்டுகள் சும்மா நிறுத்தினர். வீண் செயலாகத் தோன்றும். எம் கருத்தில் கப்பலைக் காத்தது அக்கூரையே. உப்புநீரினும் மேற்றளத்தின் வழி இறங்கும் மழைநீரே மரத்தை மிகுதியாக உளுக்கச் செய்வது. 1845-இல் வேலை தொடங்கிப் பின்புறத்தைத் திருத்தி, பீரங்கிகளை 26 ஆகக் குறைத்து, 1847-இல் மீண்டும் ஆயத்தமாக்கினர்.

அரை நூற்றாண்டு கழிந்து 1897-இல் உடைப்பதற்கென்றே விற்கப்பட்ட இதனை வீட்லி காப் என்பவர் வாங்கி, புயலில் தாம் இழந்த வேறொரு கப்பலின் பெயராகிய பூத்ராயன் என்பதனை இதற்கு இட்டார். இளைஞர் கடற்றொழில் பயிலுங் கலமாயிற்று. உயிர் தப்பியது, நம் தலத்தின் பெயரோ ஏறக்குறையத் தொண்ணூறு ஆண்டுகள் மறைந்து கிடந்தது. 1987-இல் பெருந்தெப்பத்தின் மேலேற்றி ஹார்ட்டில்பூலுக்குக் கொணர்ந்து, 1990 முதல் 2001 வரை பழுது பார்த்தனர். உளுத்த மரத்தை மட்டும் நீக்கினமையால், உடலிற் பாதிக்கு மேல் இன்றும் பழைய மரமே. அவ்வேலையினிடையே, 1992-ஆம் ஆண்டில், திருகோணமலை என்னும் பெயரும் கப்பலுக்கு மீண்டது.