துண்டும் தீர்ப்பும்: மலையகத்தில் ஆங்கிலச் சட்டம்

கண்டியிலே பிறந்த அறிஞர் சித்திலெப்பையை (1838–1898) ‘முஸ்லிம் நேசன்’ ஆசிரியராகவும் ‘அசன்பே சரித்திரம்’ எழுதியவராகவும் நாம் அறிவோம். தொழிலால் அவர் ஒரு புரொக்டர். ஆங்கிலேயரின் நீதிமன்றத்தில் நின்றுகொண்டேதான் சமூகத்துக்காக எழுதினார். அந்த வழியில் இன்று சட்டம் படிக்கப் போகிற நம்மட பிள்ளைகளுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஒப்பந்தம், தீங்கியல், குற்றவியல், அரசமைப்பு என்று ஆங்கிலச் சட்டத்தின் அடிப்படைப் பாடங்களைப் புரட்டினால் உதாரணமெல்லாம் லண்டனில் நடந்ததாகவே இருக்கும். ஆனால் ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் பக்கத்திலேயே அதற்கான உதாரணங்கள் கிடக்கின்றன.

முதலில் ஒப்பந்தம். ஒப்பந்தத்தை மீறினவர் நட்டஈடு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் என்று பாடம் சொல்லும். தோட்டத்தில் கதை வேறு. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின்படி, சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போன தொழிலாளி சிறைக்குப் போனார். கடன் தொகை எழுதிய துண்டு இல்லாமல் அடுத்த தோட்டத்தில் சேரவும் முடியாது. துண்டு முறை 1921இல் ஒழிந்தது. வேலையை விட்டதற்குச் சிறை என்பதும் அதை ஒட்டியே நீங்கியது. சிவில் விவகாரமொன்று ஆள் பார்த்துக் குற்றமாக மாறும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு இங்கிலாந்திலே தேடினாலும் கிடைப்பது கஷ்டம்.

அடுத்தது தனிமனித சுதந்திரம். மடுல்கெலையில் ரெலுகாஸ் தோட்டத்தில் தேயிலைத் தொழில் பழக வந்த வெள்ளைக்காரர் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில். தொழிலாளரின் பக்கம் சாய்ந்ததால் வேலை போயிற்று. சமசமாஜக் கட்சியில் சேர்ந்து மேடையேறினார். 1937 ஏப்ரலில் தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாட்டை விட்டு வெளியேறும்படி கட்டளையிட்டார். அவர் தலைமறைவானார், பிறகு கைதானார். ஆட்கொணர்வு மனுவில் எச்.வி. பெரேரா வாதாடினார். பிரதம நீதியரசர் ஏபிரகாம்ஸ் உட்பட மூவர் மே 18இல் அவரை விடுவித்தனர். அவசர நிலைக்கென்று தந்த அதிகாரத்தை அமைதிக் காலத்தில் பிரயோகிக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். தேசாதிபதியானாலும் தன் செயல் சட்டபூர்வமானது என்று நீதிமன்றத்துக்குக் காட்டியாக வேண்டும்.

அதே சட்டம் தொழிலாளரை என்ன செய்தது? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. வாக்கும் பறிபோனது. எந்தச் சமூகத்தையும் சமயத்தையும் பாரபட்சமாக நடத்தக் கூடாது என்ற சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவை நம்பிக் கோடகன்பிள்ளை வழக்காடினார். தன் பிரஜைகள் யாரென்று தீர்மானிப்பது நாடாளுமன்றத்தின் இயல்பான வேலை என்று சொல்லி 1953இல் பிரிவி கவுன்சில் அதைத் தள்ளியது. அந்தப் பிரிவில் ‘சமயம்’ என்ற சொல்லும் இருந்தபடியால், அந்தத் தோல்வி தோட்டத்து லயத்தோடு நிற்கவில்லை. நமக்கும் காவலென்று எண்ணிய வேலி அது. 1972 யாப்பில் அந்தப் பிரிவே இல்லாமற் போனது. எஞ்சிய நாடற்றோர் பிரச்சினை தீர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு துரைக்குத் திறந்த கதவு கொழுந்து பறித்தவருக்குத் திறக்கவில்லை. சட்டம் படிக்கிற பிள்ளை இரண்டு தீர்ப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஒன்றை மட்டும் படித்தால் சட்டத்தின் மேல் மயக்கம் வரும், மற்றதை மட்டும் படித்தால் வெறுப்பு வரும். வழக்காடப் போகிறவருக்கு இரண்டுமே உதவாது.