ஒளிந்து விளையாடலாம், ஒளிந்தே வாழ முடியுமா?

ஆலங்குடியில் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் கல்லூரித் தம்பிகள் கொஞ்ச நாளாக ஒரு வீடியோ கேமைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அதன் பெயர் 'அசாசின்ஸ் கிரீட் ஷேடோஸ்'. அதை ஓட்டும் அளவுக்கு விலையுள்ள கணினி அவர்களில் யாரிடமும் இல்லை. ஒருவர் மட்டும் சென்னையில் வேலை பார்க்கும் நண்பரின் அறையில் தங்கி நாலைந்து நாள் ஆடியிருக்கிறார். மற்றவர்கள் அடுத்தவர் ஆடுவதை யூடியூபில் பார்த்தவர்கள். ஆனாலும் பேச்சு அனல் பறந்தது.

"அண்ணே, நவோயேய வச்சு ஆடுனா நம்மள யாருமே பாக்கக் கூடாது. யாசுகேய வச்சு ஆடுனா ஊரே நம்மளத்தான் பாக்குது" என்றார் ஆடிப் பார்த்த தம்பி.

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது நம் கதையாகவே கேட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒளியும் உடலும் ஒளிய முடியாத உடலும்

யூபிசாஃப்ட் நிறுவனம் 2025 மார்ச் 20 அன்று வெளியிட்ட விளையாட்டு இது. கதை 1579-இல் தொடங்கும் ஜப்பான். பிரபுக்கள் ஒருவரையொருவர் வீழ்த்திக்கொண்டிருந்த போர்க்காலம். ஆட்டக்காரர் இரண்டு பேராக மாறி மாறி ஆடலாம். நவோயே, இகா பகுதியைச் சேர்ந்த பெண் ஷினோபி, கற்பனைப் பாத்திரம். யாசுகே, ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஒடா நொபுனாகா என்ற பெரும் பிரபுவிடம் சேர்ந்தவர். வரலாற்றில் வாழ்ந்த மனிதர். 1581-இல் நொபுனாகாவின் படை இகாவை அழித்தது உண்மையான நிகழ்வு. அப்படியானால் இந்த இருவரும் எதிரெதிர் அணிகளிலிருந்து வருகிறவர்கள்.

ஆடியவர்கள் பெரும்பாலும் நவோயேயைத்தான் கொண்டாடினார்கள். தரையோடு தரையாகத் தவழ்கிறாள், விளக்கை அணைத்து இருட்டை உண்டாக்குகிறாள், கொக்கிக் கயிற்றைப் போட்டுக் கூரை ஏறுகிறாள். பருவம் மாறினால் ஆட்டமும் மாறுகிறது. கோடையில் ஒளியத் தந்த புல் குளிர்காலத்தில் இருக்காது. யாசுகே இதற்கு நேரெதிர். கதவை உடைத்துக்கொண்டுதான் உள்ளே போவார். கூரை ஏறுவது அவருக்குச் சிரமம். பலர் அவரை ஓரங்கட்டிவிட்டு நவோயேயையே வைத்து ஆடினார்கள். கதையின் பின்பாதி இழுவை, ஒரே மாதிரி வேலைகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்ற குறைகளும் வந்தன. இவையெல்லாம் ஒரு விளையாட்டைப் பற்றிய நியாயமான கருத்துகள்.

ஆனால் பெரும் சண்டை நடந்தது இவற்றைப் பற்றி இல்லை.

சான்று கேட்கப்பட்டவர்

2024 மே மாதம் முதல் முன்னோட்டம் வந்த நாளிலேயே கூச்சல் தொடங்கிவிட்டது. "யாசுகே சாமுராயா? ஆதாரம் எங்கே?" ஆடிப் பார்க்காதவர்களே முதலில் கத்தினார்கள். அவர்களில் பலருக்கு ஜப்பானிய வரலாற்றில் அதற்கு முன் எந்த அக்கறையும் இருந்ததில்லை.

ஆதாரத்தையே பார்ப்போம். யாசுகே 1579-இல் வலிஞானோ என்ற இயேசு சபைப் பாதிரியாருடன் ஜப்பான் வந்தார். 1581-இல் கியோட்டோவில் அவரைப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது. அவருடைய தோலின் நிறம் இயற்கையானது என்று நொபுனாகா நம்பவில்லை. இடுப்புவரை துணியைக் களையச் சொல்லிச் சோதித்துப் பார்த்தார். ஃபுரோய்ஸ் பாதிரியாரின் கடிதம் இதைச் சொல்கிறது. பிறகு நொபுனாகா அவரைத் தன்னோடு வைத்துக்கொண்டார். நொபுனாகாவின் வரலாற்றைச் சொல்லும் நூலின் ஒரு கையெழுத்துப் பிரதியில், யாசுகேவுக்கு ஊதியமும் வீடும் குறுவாளும் தரப்பட்டதாகக் குறிப்பு உண்டு.

1582 ஜூன் 21 அன்று ஹொன்னோஜி கோயிலில் நொபுனாகாவை அகேச்சி மிட்சுஹிதே சூழ்ந்துகொண்டார். நொபுனாகா அங்கேயே இறந்தார். யாசுகே அவருடைய மகனின் பக்கம் நின்று போரிட்டுப் பிடிபட்டார். அவரை என்ன செய்வது என்று கேட்டபோது மிட்சுஹிதே சொன்ன பதிலின் சாரம் இது: அவன் ஒரு விலங்கு, ஒன்றும் அறியாதவன், ஜப்பானியனும் இல்லை, கொல்ல வேண்டாம், பாதிரிகளின் கோயிலில் விடுங்கள்.

நண்பர்களே, உயிர் தப்பியது அந்த அவமதிப்பால். கடைசிவரை போரிட்டவனுக்கு வீரனாகச் சாகும் தகுதிகூடத் தரப்படவில்லை. அதோடு தெளிவான பதிவுகள் நின்றுபோகின்றன.

அவர் சாமுராயா இல்லையா என்று கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அன்று அந்தச் சொல்லைச் சுற்றி மதில் எழவில்லை. எளிய குடும்பத்தில் பிறந்த ஹிதேயோஷி நாட்டையே ஆளும் அளவுக்கு உயர்ந்தது அதே காலத்தில்தான். மேலே ஏறிய பிறகு ஏணியை எடுத்துவிட்டவரும் அவரே. 1588-இல் விவசாயிகளின் வாள்களைப் பறிமுதல் செய்தார். 1591-இல் போர்வீரர் வேறு, உழவர் வேறு என்று ஆணையிட்டார். பிற்காலத்தில் கட்டிய மதிலை முன்காலத்து மனிதனைத் தடுக்கப் பயன்படுத்துகிறார்கள். சாதியைப் பேசும்போது நம்மிடமும் இதையே செய்கிறார்கள் அல்லவா?

இன்னொன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 2017-இல் 'நியோ' என்ற விளையாட்டு வந்தது. அதன் நாயகன் வில்லியம் ஆடம்ஸ். 1600-இல் ஜப்பான் வந்து தொகுகாவா இயேயாசுவிடம் சேவகம் செய்த ஆங்கிலேயர், அவரும் வரலாற்று மனிதர். அதே விளையாட்டில் யாசுகேவும் உண்டு, வெட்டி வீழ்த்த வேண்டிய எதிரியாக. அப்போது இந்த அளவு கூச்சல் எழவில்லை. கறுப்பு உடல் எதிரியாக வரலாம், நாயகனாக வரக் கூடாது. இதுதான் அவர்கள் கேட்ட 'ஆதாரத்தின்' யோக்கியதை.

ஜப்பானியர்கள் எழுப்பிய எல்லா எதிர்ப்பையும் இதே கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒரு வரலாற்று ஆர்வலர் குழுவின் கொடியை அனுமதியின்றி ஓவியத்தில் பயன்படுத்தியதற்கு நிறுவனமே மன்னிப்புக் கேட்டது. நிஜமாக இருக்கும் ஒரு ஆலயத்தின் உட்புறத்தை விளையாட்டில் உடைக்க முடிவது பற்றி ஜப்பானிய நாடாளுமன்றத்திலேயே கேள்வி எழுந்தது; பிறகு சில பொருட்களை உடைக்க முடியாதபடி மாற்றினார்கள். அவை வேறு வகைக் குறைகள்.

நம் பக்கத்து வரலாற்றிலும் யாசுகேவின் சமகாலத்தவர் ஒருவர் உண்டு. 1548 வாக்கில் எத்தியோப்பியாவில் பிறந்து, அடிமையாகப் பலமுறை விற்கப்பட்டு, தக்காணம் வந்து, அகமதுநகர் அரசின் பேஷ்வாவாக உயர்ந்த மாலிக் அம்பர். பிற்காலத்தில் அவுரங்காபாத் ஆன கட்கி நகரை நிறுவி, அதற்குக் குடிநீர் வழிகளை அமைத்தவர். ஜஹாங்கீரின் படையால் அவரை வெல்ல முடியவில்லை. அதனால் அரசவை ஓவியர் ஒரு படம் தீட்டினார். அதில் அம்பரின் வெட்டுண்ட தலையை ஜஹாங்கீர் அம்பால் எய்கிறார். போர்க்களத்தில் கிடைக்காத வெற்றியை ஓவியத்தில் எடுத்துக்கொண்டார். படம் வரைபவர் யார் கூலியில் வரைகிறார் என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

கவசத்தின் தோல் யாருடையது?

ஆட்டக்காரர்கள் அந்த விளையாட்டில் கவசங்களைச் சேகரிக்கிறார்கள், அழகு பார்க்கிறார்கள். சாமுராய் கவசம் இரும்பால் மட்டும் ஆனது இல்லை. பதப்படுத்திய தோலும் அதில் முக்கியம். அந்தத் தோலை உரித்தது யார், பதப்படுத்தியது யார்?

அவர்களைக் கவதா என்றார்கள். எதா என்றும் அழைத்தார்கள். அந்தச் சொல்லை எழுதும் எழுத்துகளின் பொருள் 'மிகுந்த அழுக்கு'. இன்னொரு பிரிவினருக்கு ஹினின் என்று பெயர், அதாவது 'மனிதரல்லாதவர்'. போர் நடத்த தோல் வேண்டும் என்பதால் இமகாவா போன்ற பிரபுக்கள் கவதாக்களைத் தங்கள் கோட்டை நகரங்களில் குடியமர்த்தினார்கள். தோல் வேண்டும், தோல் தொட்டவன் வேண்டாம். பறையடித்துத்தான் சாவும் திருவிழாவும் நடக்க வேண்டும், பறையடித்தவன் ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற நம் ஊர் நியாயம் கடல் கடந்தும் இருந்திருக்கிறது.

ஹிதேயோஷியின் நில அளவைப் பதிவேடுகளில் கவதா என்ற அடையாளம் எழுத்தில் ஏறியது. தொகுகாவா ஆட்சி அதைப் பிறப்போடு கட்டிப்போட்டது. எங்கே குடியிருக்கலாம், யாரை மணக்கலாம் என்பதெல்லாம் வரையறுக்கப்பட்டன.

பெயர் போனது, முகவரி நின்றது

1871-இல் மெய்ஜி அரசு இந்தப் பெயர்களை ஒழித்து ஆணையிட்டது. ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொண்டார்களா? 1873-இல் மிமாசாகா பகுதியில் கலவரக் கும்பல் இவர்களின் வீடுகளைக் கொளுத்தியது, ஆட்களைக் கொன்றது. மறுபக்கம், 1872-ஆம் ஆண்டுக் குடும்பப் பதிவேட்டில் பல இடங்களில் 'புதிய குடிமக்கள்' என்று குறித்துவைத்தார்கள். பழைய சொல் போய், புதுச் சொல்லில் பழைய முத்திரை. அந்தப் பதிவேட்டைப் பொதுமக்கள் பார்க்க முடியாதபடி மூடியது 1968-இல்தான்.

பிறகு இவர்களைப் புராக்குமின் என்று அழைத்தார்கள். புராக்கு என்றால் குடியிருப்பு, அவ்வளவுதான். நம் இலக்கியத்தில் வெறும் குடியிருப்பைக் குறித்த 'சேரி' பின்னாளில் என்ன ஆனது, 'காலனி' என்ற வெளிநாட்டுச் சொல் நம் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் என்ன பொருள் தருகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

புராக்குமின் மக்களைத் தோற்றத்தால் அடையாளம் காண முடியாது. அதனால் சாதி தேட முகவரி தேவைப்பட்டது. 1975-இல் ஒரு ரகசியப் பட்டியல் வெளிச்சத்துக்கு வந்தது. நாடெங்கும் உள்ள புராக்கு ஊர்ப்பெயர்களைத் தொகுத்து நிறுவனங்களுக்கு விற்றிருக்கிறார்கள். வேலைக்கு வந்தவரின் ஊரை அதில் வைத்துச் சரிபார்த்தார்கள். 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் வாங்கியிருந்தன. 2009-இல் கூகுள் எர்த்தில் பழைய வரைபடங்கள் ஏறியபோது அந்த இழிபெயர்கள் இன்றைய தெருக்களின் மேல் வந்து உட்கார்ந்தன; எதிர்ப்புக்குப் பிறகு நீக்கினார்கள். ஒழிப்பு ஆணைக்கு 145 ஆண்டுகள் கழித்து, 2016-இல், புராக்கு பாகுபாட்டை ஒழிக்க ஜப்பான் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

2025 ஏப்ரல் 29 அன்று நம் சட்டமன்றத்தில் முதலமைச்சர், 'காலனி' என்ற சொல் அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் ஜப்பானின் அனுபவம் நமக்குச் சொல்வதையும் கேட்போம்: பெயரை மாற்றலாம், முகவரியைத் தேடும் கண்ணை மாற்றாவிட்டால் புதுப் பெயரும் பழைய வேலையையே செய்யும். சென்னையில் வீடு பார்க்கப் போன நம் பிள்ளைகளைக் கேளுங்கள். "எந்த ஊரு?" "ஆலங்குடி." "ஆலங்குடில எந்தப் பக்கம்?" அந்த இரண்டாவது கேள்விக்கு முன்னால் எத்தனை பேர் நவோயே போலப் புல்லுக்குள் தவழ்ந்திருக்கிறார்கள்! விளையாட்டில் மாட்டிக்கொண்டால் மறுபடி தொடங்கலாம். இங்கே மாட்டிக்கொண்டால் வீடு கிடையாது.

மறைப்பவரைப் பழிக்காதீர்கள், தோழர்களே. மறைக்க வைத்தவர்களைக் கேளுங்கள்.

பெயரை வெளியே சொன்னவர்கள்

1893-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி நம்மை ஏசினார்களோ அதையே முகப்பில் அச்சிட்டார்: 'பறையன்'. ஒளிந்தால் உரிமை கேட்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1922 மார்ச் 3 அன்று கியோட்டோவில் புராக்கு மக்கள் சுய்ஹெய்ஷா என்ற சமத்துவச் சங்கத்தைத் தொடங்கினார்கள். சைக்கோ மான்கிச்சி எழுதிய அதன் பிரகடனம், எதா என்பதிலேயே பெருமை கொள்ளும் காலம் வந்துவிட்டது என்று அறிவித்தது. கறுப்புக் கொடியில் ரத்தச் சிவப்பில் முள்முடி வரைந்தார்கள். இங்கும் அங்கும் ஒரே முடிவு: நம்மை எப்போது பார்க்கலாம், எப்படிப் பார்க்கலாம் என்பதை இனி நாமே தீர்மானிப்போம். இது ஆண்ட பெருமை பேசுவது இல்லை. கையில் நிறக்கயிறு கட்டி அடுத்தவனை மிரட்டுவதும் இல்லை. குனிந்த தலையை நிமிர்த்துவது மட்டுமே.

அந்த விளையாட்டு வெளியான மார்ச் 20 நமக்கு வேறொரு நாள். 1927-இல் அதே நாளில்தான் மகாடு சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். பட்டப்பகலில், எல்லோர் கண்முன்னாலும்.

95 ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில், நம் மாவட்டத்து வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது தெரியவந்தது. பிறகு, அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களிடமே டிஎன்ஏ சோதனைக்கு ரத்தம் கேட்டார்கள். 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் அதே குடியிருப்பின் மூன்று பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். மக்கள் அதை ஏற்கவில்லை, சிபிஐ விசாரணை கேட்டார்கள். "ஆதாரம் எங்கே?" என்ற கேள்வி எப்போதும் யாரைப் பார்த்து நீள்கிறது என்று இதைவிட விளக்க வேண்டுமா?

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, விளையாடுங்கள். யாசுகேயை ஓரங்கட்டாமல் அவரை வைத்தும் கொஞ்ச நேரம் ஆடிப் பாருங்கள். ஊரே பார்க்கும்போது நடப்பது எப்படி இருக்கும் என்று தெரியும். பிறகு போனை அணைத்துவிட்டு உங்கள் அப்பத்தாவிடம் போய் உட்காருங்கள். எந்தக் கிணற்றில் முதலில் யார் இறங்கினார்கள், எந்தக் கடையில் யார் முதலில் உட்கார்ந்து டீ குடித்தார்கள், எந்த வருடம், யார் தடுத்தார்கள், என்று கேளுங்கள். தேதியோடு எழுதுங்கள். யாசுகேயைப் பற்றி எழுதிவைத்தவர்கள் எல்லோரும் அடுத்தவர்கள். அவர் எழுதிய ஒரு வரிகூட நம் கையில் இல்லை. நம் தெருவுக்கு அந்த நிலை வரக் கூடாது.

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு பக்கமாவது எழுதி எடுத்து வாருங்கள். ஜெய்பீம்.