சிங்கப்பூர்க் கொடியில் ஏன் 5 நட்சத்திரங்கள்? நாட்டைவிட மூத்த கொடியின் கதை

ஜூலை வந்தாலே புளோக்குகளின் தாழ்வாரங்களில் சிவப்பு-வெள்ளைக் கொடிகள் வரிசையாகத் தொங்கும்.

சின்ன வயசிலிருந்து பார்த்துப் பழகிய கொடிதான். ஆனால் அதற்கு நாட்டைவிட வயசு அதிகம் என்பது தெரியுமா?

சிங்கப்பூர் தனி நாடானது 1965ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் தேதி. கொடி அறிமுகமானதோ 1959ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி!

தனி நாடாகும் முன்பே கொடி எதற்கு?

1959 ஜூனில் சிங்கப்பூருக்குச் சுயாட்சி கிடைத்தது. தற்காப்பும் வெளியுறவும் மட்டும் பிரிட்டன் கையில் இருந்தன.

அதுவரை இங்கே பறந்தது பிரிட்டனின் யூனியன் ஜாக். சீனா, இந்தியா, மலாயா என்று ஆளுக்கொரு இடத்தைச் சொந்த ஊராக நினைத்த காலம் அது. "இது நம்ம கொடி" என்று எல்லாரும் சொல்ல ஒரு சின்னம் தேவைப்பட்டது.

துணைப் பிரதமர் டோ சின் சாய் தலைமையிலான குழு சுமார் 2 மாதத்தில் கொடியை வடிவமைத்தது.

முதலில் நினைத்தது வேறு வடிவமா?

ஆமாம். யோசனைகள் பல முறை மாறின.

- முழுச் சிவப்பு: கம்யூனிசத்தின் நிறமாகத் தெரியும் என்று அமைச்சரவை தயங்கியது. 1948இல் மலாயாவில் தொடங்கிய அவசரநிலை அப்போதும் முடியவில்லை. அதனால் பாதி வெள்ளையானது.
- 3 நட்சத்திரங்கள்: மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியை நினைவூட்டும் என்பதால் ஐந்தாகின.
- பிறையும் நட்சத்திரங்களும்: சீனர்கள் 5 நட்சத்திரங்களையும் மலாய்க்காரர்கள் பிறையையும் விரும்பினார்கள் என்று திரு. லீ குவான் இயூ பிற்பாடு கூறியிருக்கிறார். இரண்டுமே இடம்பெற்றன.

அவற்றுக்கு என்ன பொருள்?

- சிவப்பு: உலக சகோதரத்துவம், மனிதர்கள் அனைவரும் சமம்
- வெள்ளை: என்றும் நிலைக்கும் தூய்மை, நற்பண்பு
- பிறை: வளர்ந்து வரும் இளம் நாடு
- 5 நட்சத்திரங்கள்: ஜனநாயகம், அமைதி, முன்னேற்றம், நீதி, சமத்துவம்

கவனிச்சீங்களா? பட்டியலில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. எந்தச் சமயத்தின் பெயரும் இல்லை. ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒவ்வொரு சின்னம் என்று பிரித்திருந்தால், "எங்களுக்கு எது?" என்று மற்றவர்கள் கேட்டிருப்பார்கள். எல்லாருக்கும் பொதுவான பொருளைக் கொடுத்ததால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

எப்போது தேசியக் கொடியானது?

1959 நவம்பரில் சட்டமன்றம் கொடியை ஏற்றுக்கொண்டது. டிசம்பர் 3ஆம் தேதி நகர மண்டபத்தில் அது அறிமுகமானது. நம்ம பண நோட்டில் இருக்கும் திரு. யூசோஃப் இஷாக், யாங் டி-பெர்துவான் நெகாராவாகப் பதவியேற்றதும் அதே நாளில்தான்.

1963 செப்டம்பர் 16ஆம் தேதி சிங்கப்பூர் மலேசியாவில் இணைந்தது. அப்போது அது ஒரு மாநிலத்தின் கொடி. 1965இல் பிரிந்தபோது அதுவே தேசியக் கொடியானது. வடிவத்தில் எந்த மாற்றமும் இல்லை.

வீட்டில் பறக்கவிடும்போது கவனிக்க வேண்டியவை

- ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை கொடிக்கம்பம் இல்லாமலும் வீட்டுக்கு வெளியே தொங்கவிடலாம்.
- கொடி தரையில் படக்கூடாது. கிழிந்த, அழுக்கான கொடியைத் தொங்கவிடக்கூடாது.
- பழைய கொடியை அப்படியே குப்பைத்தொட்டியில் போடாதீங்க. கறுப்புப் பையில் போட்டு, வெளியே தெரியாதபடி கட்டிய பிறகு அப்புறப்படுத்துங்கள்.